எழுத்தில்லா ஏடுகள்

“சேர், இந்தப் புத்தகத்துல எழுத்தெல்லாம் எங்க? அச்சடிச்ச ஆக்கள் மறந்து போயிட்டாங்களா?”

கல்முனைக்குத் தெற்கே கடலை அண்டிய முஸ்லிம் ஊர் ஒன்றில், முன்பள்ளியிலிருந்து பேத்தியை அழைத்துச் செல்ல வந்திருந்த மூதாட்டி ஒருவர் நம்மிடம் கேட்ட வினா இது. அவர் கையில் ஒரு படப்புத்தகம் இருந்தது. அதன் பெயர்ப் பக்கத்தை நீக்கினால், முதலிலிருந்து முடிவு வரை படங்களே அன்றி ஓர் எழுத்தேனும் இல்லை. அம்மூதாட்டி கேலிக்காகக் கேட்டாரல்லர். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது எழுத்தறியத்தானே? எழுத்தே இல்லாத புத்தகத்தை வைத்துக்கொண்டு அங்கே என்னதான் படிப்பிக்கிறார்கள்? பெற்றோர் பலர் மனத்துள் வைத்திருக்கும் ஐயத்தையே அவர் வாய்விட்டுக் கேட்டார்.

அன்று நாம் ஏதோ ஒரு விடை கூறினோம். அவ்விடை அவருக்கும் நிறைவு தரவில்லை, நமக்கும் தரவில்லை. சரியான விடையைப் பின்னர் அம்முன்பள்ளிப் பிள்ளைகளிடமிருந்தே கற்றுக்கொண்டோம். அதனை இப்பகுதியின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

கல்லூரியில் கண்ட குறை

நாம் கல்லூரியில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவர். முன்பள்ளிக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். வகுப்பில் ஒரு செய்யுளை விளக்கிய பின், “இதைப் பற்றி நீர் என்ன நினைக்கிறீர்?” என்று ஒரு மாணவரைக் கேட்டால், அவர் எழுந்து நின்று தலையைக் குனிந்துகொள்வார். கெட்டிக்கார மாணவராயினும் இதுவே நிலை. “குறிப்புத் தாருங்கள், சேர், பாடமாக்கிக்கொண்டு வருகிறேன்” என்பதே பெரும்பாலும் நமக்குக் கிடைக்கும் விடை. பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல அவர்களால் முடியும். தாம் கண்டதைத் தம் வாயாற் சொல்ல இயலாது.

இக்குறை எங்கே தொடங்குகிறது என்று நெடுநாள் எண்ணியதுண்டு. நம்மிடம் முன்னர் கற்ற பெண் ஒருவர் இன்று முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறார். “எங்கள் பிள்ளைகளை ஒருநாள் வந்து பாருங்கள், சேர்” என்று அவர் அழைத்தபோது, அதன் வேரைக் காணலாம் என்ற எண்ணத்துடனேயே சென்றோம். செல்லும்போது சொல்லில்லாப் படப்புத்தகங்கள் சிலவற்றையும் கையோடு கொண்டு சென்றோம்.

நாம் செய்த பிழை

படத்தைக் காட்டிப் பாடம் சொல்வது புதிய முறையன்று. மொறாவியா நாட்டினரான கொமேனியஸ் என்னும் கல்வியாளர், 1658ஆம் ஆண்டிலேயே சிறுவர்க்கென ஒரு படநூலை வெளியிட்டார். அந்நூலில் படத்தின் அருகே அதற்குரிய சொல் அச்சிடப்பட்டிருந்தது. படம் சொல்லுக்குத் துணையாக நின்றது. சொல்லை அறவே நீக்கி, கதை முழுவதையும் படத்தின் பொறுப்பில் விட்ட சிறுவர் நூல்கள் 20ஆம் நூற்றாண்டிலேயே தழைத்தன. அமெரிக்கரான மேர்சர் மேயர் 1967இல் ஒரு சிறுவன், ஒரு நாய், ஒரு தவளை ஆகிய மூவரையும் வைத்து இத்தகைய நூலொன்றை வெளியிட்டார். 1969இல் அதே சிறுவன் காணாமற்போன தவளையைத் தேடும் கதையும் வெளிவந்தது. நாம் கொண்டு சென்றவற்றுள் இந்த இரண்டாம் நூலும் ஒன்று.

முதல்நாள் நாம் செய்தது என்ன? பிள்ளைகளைச் சுற்றிவர அமரவைத்து, புத்தகத்தை உயர்த்திப் பிடித்து, கதையை நாமே இனிமையாகச் சொன்னோம். சிறுவன் போத்தலில் தவளை வளர்த்ததையும், இரவில் அது தப்பி ஓடியதையும், அவனும் நாயும் காடெங்கும் தேடியதையும் கூறி முடித்தோம். பிள்ளைகள் வாய்மூடிக் கேட்டனர். “இப்போது நீங்கள் சொல்லுங்கள்” என்றதும், நாம் சொன்னதையே நமது ஏற்ற இறக்கத்துடன் ஒப்புவித்தனர். ஆசிரியை மகிழ்ந்தார். நமக்கோ நெஞ்சிலே ஒரு தைப்பு. கல்லூரியிலே நாம் கண்டு வருந்தும் அதே குறையை இந்த நான்கு வயதுப் பிள்ளைகளிடம் நாமே விதைத்துவிட்டோம் அல்லவா? எழுத்தில்லாத புத்தகத்தில் நமது சொற்களை எழுதி, அதனையும் மற்றுமொரு பாடப்புத்தகம் ஆக்கிவிட்டோம்.

மறுமுறை சென்றபோது வேறுவிதமாகச் செய்தோம். பக்கங்களை மெல்லப் புரட்டினோம், ஒன்றும் பேசவில்லை. ஆசிரியர்க்குப் பேசாதிருத்தல் போல் கடினமான வேலை பிறிதில்லை என்பதை அன்று அறிந்தோம். முதற் சில நிமிடங்கள் அமைதியாகவே கழிந்தன. பிறகு ஒருத்தி, “நாய்ர தல போத்தலுக்குள்ள மாட்டிட்டு!” என்றாள். அவ்வளவுதான்! கரைவலையின் மடி கரையேறியதும் மீன் துள்ளுவதுபோல் நாற்புறமும் சொற்கள் துள்ளத் தொடங்கின.

சொல் எவ்வாறு கதையாகிறது?

இதே தவளைக் கதையை உலகின் மொழியறிஞர் பலர் ஓர் அளவுகோலாகப் பயன்படுத்தியிருக்கின்றனர். ரூத் பெர்மன், டான் ஸ்லோபின் என்னும் இருவரும் தம் துணைவர்களுடன் ஆங்கிலம், ஜேர்மன், ஸ்பானியம், ஹீப்ரு, துருக்கியம் ஆகிய 5 மொழிகளைப் பேசும் பிள்ளைகளிடமும் பெரியோரிடமும் இப்படங்களைக் கொடுத்துக் கதை சொல்லச் செய்து, கண்ட முடிபுகளை 1994இல் பெருநூலாக வெளியிட்டனர். மூன்று வயதுப் பிள்ளை பெரும்பாலும் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே சொல்லும்: இது நாய், இது மரம், இவன் விழுந்தான். ஐந்து வயதளவில் ஒரு படத்தை அடுத்த படத்தோடு கோக்கத் தொடங்கும். ஒன்பது வயதை எட்டும்போது, இத்தனையும் தவளையைத் தேடுவதற்காகவே நிகழ்ந்தன என்னும் கருத்து நூலிழைபோல் கதை முழுவதும் ஓடும்.

மொழி வேறாயினும் வளர்ச்சியின் படிகள் ஒத்திருக்கின்றன என்பது நாம் கவனிக்க வேண்டிய செய்தி. “பிறகு”, “அதனால்”, “ஆனால்”, “ஏனென்றால்” என்னும் சிறு சொற்களை இலக்கணப் பாடம் பிள்ளைக்குத் தருவதில்லை. ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குத் தாவும் வேளையில் பிள்ளைக்கு அவை தேவைப்படுகின்றன. தேவைப்படுவதால் வாயில் வருகின்றன. நாளை எழுத்தைக் கூட்டி வாசிக்கும்போதும், வாக்கியங்களை இணைத்துப் பொருள் காண உதவுவது இப்பழக்கமே.

“இது என்ன?” என்று கேட்டால் “நாய்” என்ற ஒரு சொல்லோடு பிள்ளை நின்றுவிடும். “இங்கே என்ன நடக்கிறது?” என்று கேட்டால் வாக்கியம் பிறக்கும். “எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்?” என்று தொடர்ந்தால், பிள்ளை படத்தை மறுபடியும் உற்றுநோக்கிக் காரணம் தேடும். நமது கல்லூரி மாணவர்க்கு இல்லாத பழக்கம் இந்த மூன்றாவது வினாவில் அல்லவா அடங்கியிருக்கிறது!

“தவள வாப்பாட்ட போயிட்டு”

அவ்வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். சேர்ந்து பல மாதங்களாகியும் ஆசிரியையிடம் அவன் வாய்திறந்து பேசியதில்லை. நாம் மூன்றாம் முறை சென்றபோது, போத்தல் வெறுமையாய் இருக்கும் படத்தை விரலால் தொட்டு, “தவள வாப்பாட்ட போயிட்டு” என்றான். அவனுடைய தந்தையார் வளைகுடா நாடொன்றில் வேலை பார்க்கிறார் என்பதைப் பின்னரே ஆசிரியை நமக்குச் சொன்னார். நூலின் இறுதியில் அந்தத் தவளை தன் துணையுடனும் குஞ்சுகளுடனும் இருப்பதைக் கண்டதும், “நான் சொன்னேனே!” என்பதுபோல் அவன் எல்லோரையும் திரும்பிப் பார்த்தான்.

அவன் சொன்னதை ஆசிரியை சொன்னவாறே கரும்பலகையில் எழுதினார். தன் வாயிலிருந்து வந்தது சுவரிலே வெள்ளைக் கோடுகளாய் நிற்பதை அவன் வியந்து பார்த்தான். அடுத்த வாரம் அவ்வரியில் “வாப்பா” என்னும் சொல்லை அவன் தானே கண்டு காட்டினான்.

இங்கே மொழிப்பற்றுடையோர் ஒரு தடை எழுப்பலாம். “போயிட்டு என்பது பேச்சு வழக்கு, பிழையான தமிழைப் பிள்ளைக்குக் காட்டலாமா?” என்பர். நாமும் தமிழ் கற்பிப்பவரே. எழுத்துத் தமிழின் செம்மையில் நமக்குக் குறைந்த பற்று இல்லை. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகளின் அயலிலே வாழ்பவர் அதனை மறக்கவும் இயலாது. ஆயினும் வீட்டுத் தமிழிலிருந்து ஏட்டுத் தமிழுக்குப் பிள்ளை செல்ல ஒரு பாலம் வேண்டும். முஸ்லிம் வீட்டுப் பிள்ளைக்கு உம்மா, வாப்பா, ராத்தா, காக்கா, மூத்தம்மா என்பனவே அன்பின் சொற்கள். அச்சொற்களோடு வகுப்பினுள் வரும் பிள்ளையிடம் முதல்நாளே அவற்றை வாயிலில் கழற்றி வைக்கச் சொன்னால், அது சொற்களோடு பேச்சையும் சேர்த்து வைத்துவிடும். முதலில் சொன்னவாறே எழுதுவோம். சில நாட்கள் கழித்து, “புத்தகத்தில் இதனை இப்படியும் எழுதுவார்கள்” என்று “போய்விட்டது” என்பதை அதனருகே எழுதிக் காட்டுவோம். நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன் வார்னர், பிள்ளைகள் தாமே கூறிய சொற்களைக் கொண்டே வாசிப்பைத் தொடங்கினார். தம் அனுபவத்தை அவர் விரித்துரைத்த நூல் 1963இல் வெளிவந்தது.

மொழி பொதுவாக இல்லாத இடத்திலும் இந்நூல்கள் பணிபுரிகின்றன. ஆபிரிக்காவிலிருந்து கடல் கடந்து அகதிகள் வந்து சேரும் இத்தாலியத் தீவாகிய லம்பெதூசாவில், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் வந்தேறிய பிள்ளைகளுக்கும் பொதுவான நூலகம் ஒன்று அமைப்பதற்காக, இளையோர் நூல்களுக்கான சர்வதேச அமைப்பு 2012இல் பல நாடுகளிலிருந்தும் சொல்லில்லா நூல்களைத் திரட்டியது. நமது அம்பாறை மாவட்டத்தை எண்ணிப் பாருங்கள். கரையிலே தமிழரும் முஸ்லிம்களும், உள்நாட்டிலே சிங்களவரும் வாழ்கின்றனர். ஒரே தவளைக் கதையைக் கல்முனைப் பிள்ளையும் அம்பாறை நகரத்துப் பிள்ளையும் மொழிபெயர்ப்பு இன்றியே வாசிக்கலாம்.

அலையின் கதை

இனிச் சொல்லப்போவது, நம்மை மிகவும் சிந்திக்க வைத்த நிகழ்ச்சி.

தென்கொரிய ஓவியர் சூசி லீ என்பவர் 2008இல் “அலை” என்னும் பொருள்படும் பெயரில் ஒரு நூலை வெளியிட்டார். 2022இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் அன்டர்சன் விருது பெற்றவர் அவர். அந்நூலில் கரிக்கோடும் நீலமும் மட்டுமே வண்ணங்கள். ஒரு சிறுமி தாயுடன் கடற்கரைக்கு வருகிறாள். இடப்பக்கத்தில் அவளும் கடற்பறவைகளும், வலப்பக்கத்தில் கடல். ஏட்டின் நடுமடிப்பே இருவருக்கும் எல்லை. முதலில் அஞ்சுகிறாள், பிறகு அலையை மிரட்டுகிறாள், எல்லையைத் தாண்டி நீரில் விளையாடுகிறாள். பேரலை ஒன்று எழுகிறது. ஓடிவந்து தன் பக்கத்தில் நின்று நாக்கை நீட்டிப் பழிக்கிறாள். அலையோ எல்லையைக் கடந்து வந்து அவளை நனைத்துவிடுகிறது. அலை வடிந்ததும் மணலெங்கும் சிப்பிகள். அதுவரை வெறுமையாயிருந்த வானும் அவள் உடையும் நீலமாகியிருக்கின்றன.

இந்நூலை இந்தக் கரையிலே காட்டலாமா என்று நாம் பலநாள் தயங்கினோம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஞாயிறு காலையை இக்கரையார் எவரே மறப்பர்? இலங்கையில் அன்று 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் 10,000க்கும் மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தவர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரையோர ஊர்கள் யாவும் பிள்ளைகளைப் பறிகொடுத்தன. ஆசிரியையும் தம் வீட்டில் இருவரை இழந்தவர். முடிவை அவரிடமே விட்டோம். நூலைத் தனியே இருந்து பலமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, “காட்டுவோம், சேர், இந்தப் பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள்” என்றார்.

பேரலை எழும் பக்கம் வந்தபோது ஆசிரியையின் கை சற்றே நின்றது. அப்போது, முதலிற் குறித்த மூதாட்டியின் பேத்தி கலகலவென்று சிரித்தாள். “கடலும் வெளையாட வருகுது, ரீச்சர்!” என்றாள். சிப்பிகள் சிதறிக் கிடக்கும் படத்தைக் கண்டதும், “நனச்சதுக்குச் சிப்பி குடுத்திட்டுப் போகுது” என்றாள். ஆசிரியை ஒரு சொல்லும் பேசாமல் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அவர் உள்ளத்தில் அப்போது என்ன ஓடியது என்பதை நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அன்று பேத்தியை அழைக்க வந்த மூதாட்டி கதவோரம் நின்று இறுதிவரை பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் கலைந்ததும் நம்மிடம் வந்து, “எனக்கிட்டயும் இந்தப் படத்துக்கு ஒரு கதை இரிக்கு, சேர். அது அவளுக்கு இப்ப வேணாம்” என்றார்.

ஒரே படம்தான். அதிலே பிள்ளை விளையாட்டைக் கண்டது. முதியவர் 2004ஐக் கண்டார். அப்படத்தின் கீழ் ஒரு வரி அச்சிடப்பட்டிருந்தால், அவ்விருவருள் ஒருவரது கதைக்கேனும் அங்கே இடம் இருந்திராது. பெரியவர் தம் கதையை அடக்கிக்கொண்டதால், பிள்ளை தன் கதையைச் சொல்ல முடிந்தது. அக்குழந்தையும் வளர்ந்தபின் அந்தக் காலையைப் பற்றி அறியத்தான் வேண்டும், அறியும். ஆனால் அது கேட்கும் நாளில் சொல்லப்பட வேண்டிய கதை அது.

வீட்டிலும் வகுப்பிலும்

இத்தகைய நூல்கள் விலை மிக்கவை. எங்கும் கிடைப்பனவும் அல்ல. ஆயினும் மனந்தளர வேண்டியதில்லை. பெங்களூரின் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்னும் இணைய நூலகத்தில், எவரும் கட்டணமின்றி எடுத்து அச்சிடத்தக்க படக்கதைகள் உள்ளன. அதைவிடச் சிறந்த வழி, நாமே செய்துகொள்வது. பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறம் போதும். தோணி வலை வளைப்பது முதல் மீன் சந்தைக்குப் போவது வரை கரைவலையின் கதையை ஆறு படங்களில் வரையலாம். நூலுக்குச் சாயமிடுவது முதல் சேலை மடிப்பது வரை மருதமுனைத் தறியின் கதையும், விதைப்பு முதல் அறுவடை வரை சம்மாந்துறை வயலின் கதையும் அவ்வாறே ஆகும். படம் வரையத் தெரியாதவர் செய்தித்தாட் படங்களை வெட்டி ஒட்டலாம். பிள்ளை அறிந்த உலகம் முதலில் வரட்டும். வெண்பனி பொழியும் மேல்நாட்டு நூலொன்றைக் காட்டியபோது, நமது சிறுவன் ஒருவன் அதனைச் “சீனி” என்றான்; அவன்மீது குற்றமில்லை.

கடைசிப் படத்தை மறைத்துவிட்டு முடிவைப் பிள்ளைகளிடமே கேட்பதும் நல்ல பயிற்சி. நமது நாட்டின் புகழ்பெற்ற சிறுவர் எழுத்தாளரும் ஓவியருமான சிபில் வெத்தசிங்க தொடங்கிய ஒரு கதைக்குப் பிள்ளைகள் எழுதிய 1,250 முடிவுகள் 2020இல் ஒரே நூலாகி, கின்னஸ் சாதனையாயிற்று. ஒரு கதைக்கு ஒரு முடிவுதான் என்று பிள்ளைகள் எண்ணுவதில்லை. அவ்வாறு எண்ண நாமே கற்பிக்கிறோம்.

“இவ்வாறு படம் பார்த்துக்கொண்டிருந்தால் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் என் பிள்ளை என்னாவது?” என்று கேட்கும் பெற்றோரை நாம் நகைப்பதில்லை, அவர்கள் கவலை மெய்யானது. எழுத்தைக் கற்பிக்க வேண்டாம் என்று எவரும் கூறவில்லை. எழுத்து, அதற்குரிய நேரத்தில், ஒழுங்காகக் கற்பிக்கப்படத்தான் வேண்டும். படப்புத்தகம் அதற்கு மாற்றாகாது. ஆனால் சொல்வதற்கு ஒன்றுமில்லாத பிள்ளையின் கையில் எழுத்தைக் கொடுத்தால், அது பிறர் சொன்னதையே எழுதிக்கொண்டிருக்கும். நமது கல்லூரி வகுப்பே அதற்குச் சான்று. 1999ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் தரம் 1இல் நடைமுறைக்கு வந்த கல்விச் சீர்திருத்தமும், முதல் இரு தரங்களில் விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் எழுத்துவேலையுடன் இடமளித்தே அமைந்தது. நாளொன்றுக்குப் பத்து நிமிடம் ஒரு படக்கதைக்கு ஒதுக்குவதால் எழுத்து பின்தங்கிவிடாது.

சென்ற முறை அவ்வூருக்குச் சென்றபோது, மூதாட்டியின் வீட்டைக் கடந்து செல்ல நேர்ந்தது. திண்ணையிலே தவளைப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்திருந்தார். பேத்தி அருகே சாய்ந்திருந்தாள். நம்மைக் கண்டதும் சற்று நாணத்துடன், “வாங்க சேர். நான் பள்ளிக்கூடம் போன ஆளில்ல. இந்தப் பிள்ளைக்கு ஒரு புத்தகம் எடுத்து வாசிச்சுக் காட்ட என்னால ஏலாது எண்டு கவலப்பட்டிருக்கன். இதெண்டா எனக்கும் ஏலும்” என்றார்.

“எழுத்தெல்லாம் எங்க?” என்று அவர் முதல்நாள் கேட்ட வினா நம் நினைவுக்கு வந்தது. நாம் விடை சொல்வதற்குள் பேத்தி அவர் கையைப் பற்றி இழுத்து, “மூத்தம்மா, அடுத்த பக்கம்” என்றாள். அவர் புரட்டினார். நாம் விடைபெற்றுக்கொண்டோம்.